கரைவெட்டியில் ஒரு மாட்டுப் பொங்கல்

வலசை வாத்துகளைப் பார்க்க எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு மாதத்தைச் சொல்வதைவிடத் தண்ணீரைச் சொல்வதே சரியாக இருக்கும். காவிரிப் பக்கத்து ஏரிகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி லேசாக வற்றத் தொடங்கி, ஓரங்களில் முழங்கால் அளவுத் தண்ணீர் பரவிக் கிடக்கும் நாட்களே வாத்துக்கான நாட்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களைக் கணக்கில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

வடக்கிலிருந்து வரும் வாத்துகளில் பெரும்பாலானவை முழுகி மேய்பவை அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு, கழுத்து எட்டும் ஆழத்தில் இருக்கும் விதையையும் கிழங்கையும் புழுவையும் எடுத்துத் தின்பவை. ஏரி தளும்ப நின்றால் அடித்தரை அவற்றுக்கு எட்டாது. அப்போது அவை சுற்றியிருக்கும் வயல்களுக்கும் சிறு குட்டைகளுக்கும் சிதறிவிடும். நல்ல மழை பெய்த வருஷத்தில் டிசம்பரில் போய்விட்டு, "ஏரி நிறையத் தண்ணி, ஒரு வாத்தைக் காணோம்" என்று அலுத்துக்கொண்டு திரும்புபவர்கள் உண்டு. தண்ணீர் நிறைய இருந்ததுதான் அங்கே சிக்கல்.

நான் அடிக்கடி போவது அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி ஏரிக்கு. சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர்த் தண்ணீர் வருகிறது, மழைத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் அது முதலில் ஒரு பாசன ஏரிதான். கீழே இருக்கும் வயல்களுக்கு அந்தத் தண்ணீர் போயாக வேண்டும். மதகு திறக்கும் நாளையும் மூடும் நாளையும் வாத்துகள் தெரிந்து வைத்திருப்பது மாதிரிதான் எனக்குத் தோன்றும். உண்மையில் தண்ணீர் இறங்க இறங்க மேய இடம் கூடுகிறது, அதனால் அவையும் கூடுகின்றன.

இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டில் இருந்தேன். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் அக்கா மகள், "இந்தத் தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்றாள். அவளுக்கு வரித்தலை வாத்தைப் பார்க்க வேண்டும். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015இலிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இருக்கிற இடத்தில் கால் மணி நேரமாவது நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதிவிட வேண்டும், அவ்வளவுதான். சரி, அதையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று மாட்டுப் பொங்கலன்று விடிவதற்கு முன்பே கிளம்பினோம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காணும் பொங்கலன்று எந்த ஏரிக்கும் போகாதீர்கள். கரை முழுக்கக் கூட்டம், புளியோதரை, பாட்டு. அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏரி அவர்களுடையதும்தான். ஆனால் வாத்துகள் அன்று ஏரி நடுவே போய் ஒண்டிக்கொள்ளும். மாட்டுப் பொங்கலன்று காலையில் ஊர் மாட்டோடு மும்முரமாக இருக்கும். ஏரிக்கரைக்கு வருபவர்கள் குறைவு.

போய்ச் சேர்ந்தபோது ஆறேகால் இருக்கும். தை மாதப் பனி ஏரி மேல் படுத்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "மாமா, வெள்ளைத் துணியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். பனி இருக்கும் அந்த நேரத்தைக் காதுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பலர் அந்த நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நானும் குடித்திருக்கிறேன், ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு. சீழ்க்கைச் சிறகி பறந்துகொண்டே விடும் இரண்டு அசைச் சீழ்க்கையை எவரும் தவறவிட முடியாது. அது நம்மூர்ப் பறவை, ஆண்டு முழுக்க இங்கேதான். அதற்கு நடுவே இன்னொரு சீழ்க்கை கேட்கும். ஒரே மூச்சில் ஏறி உடனே சரிந்துவிடும், "வீ...யூ" என்று. அது நாமத்தலை வாத்தின் ஆண். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பனி விலகியதும் எந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்ப வேண்டும் என்பது முடிவாகிவிடும். அன்று இடப்பக்கம் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கும் மூலையிலிருந்து அது கேட்டது.

பனி கலைய ஏழரை ஆனது. கலைவதற்கு முன்பே நாங்கள் இடம் மாறிவிட்டோம். காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இது முக்கியம். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். எந்தக் கரையில் நின்றால் வெளிச்சம் பறவை மேல் விழும் என்று கிளம்பும்போதே வரைபடத்தில் பார்த்துவைத்துக்கொள்ளலாம். பார்வைக் கோபுரம் வசதியான இடத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கேயே நின்றுவிடக் கூடாது. கோபுரத்தைக் கட்டியவர்கள் சூரியனைக் கேட்டுக் கட்டியிருக்க மாட்டார்கள்.

பனி விலகியதும் அவள் பரபரவென்று பைனாகுலரை இங்கும் அங்கும் ஓட்ட ஆரம்பித்தாள். வரித்தலை வாத்து எங்கே, எங்கே என்று. புதிதாக வருபவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அபூர்வமான வாத்தைத் தேடினால் அது கிடைக்காது. சாதாரண வாத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே போனால், கடைசியில் எதிலும் சேராமல் ஒன்று மிஞ்சும். அதுதான் நீங்கள் தேடி வந்தது. ஆகவே முதலில் சாதாரணத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

"சரி, இடது ஓரத்திலிருந்து ஆரம்பி. தாண்டாதே" என்றேன்.

இடது ஓரத்தில் ஊசிவால் வாத்துகள், சில நூறு. ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, கழுத்தில் மேலேறும் வெள்ளைக் கீற்று, பின்னால் ஊசி போல நீண்ட வால். இதை யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. பெட்டை அப்படி அல்ல. பழுப்பில் புள்ளி புள்ளியாக, எல்லா வாத்துப் பெட்டைகளும் இருப்பது போலவே இருக்கும். அதன் நீண்ட, மெலிந்த கழுத்தையும் சாம்பல் நிற அலகையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏரியில் பாதிக்கு மேல் பெட்டைகள்தான், அல்லது பெட்டை மாதிரி இருப்பவை. ஆண்களை மட்டும் பார்த்துவிட்டு எண்ணிக்கை எழுதுபவர்களின் பட்டியலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

பெட்டை மாதிரி இருப்பவை என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. வாத்துகளின் ஆண்கள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போன்ற மங்கலான இறகுகளைப் போட்டுக்கொள்ளும். பறக்கும் இறகுகளையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுவதால் சில வாரங்களுக்குப் பறக்க முடியாது. பளபளப்பு இல்லாமல் ஒளிந்து கிடப்பதே அப்போது பாதுகாப்பு. மற்ற வாத்துகள் குளிர்காலத் தொடக்கத்திலேயே பழைய அழகைத் திரும்பப் போட்டுக்கொள்கின்றன. நீலச்சிறகி மட்டும் நிதானமாக, சில நேரம் பிப்ரவரி வரை இழுத்தடிக்கும். அதனால்தான் புத்தகத்தில் ஆணுக்கு வெள்ளைப் புருவம் என்று படித்துவிட்டு டிசம்பரில் போகிறவர், "எல்லாம் பெட்டையாவே இருக்கே" என்கிறார்.

நீலச்சிறகிப் பெட்டையையும் கிளுவைப் பெட்டையையும் பிரிப்பதில்தான் அன்று எங்களுக்கு நேரம் போனது. இரண்டும் சின்ன வாத்துகள், இரண்டும் பழுப்பு. நீலச்சிறகியின் முகத்தில் கோடுகள் தெளிவாக இருக்கும்: கண்ணின் ஊடே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிர் பொட்டு. கிளுவையின் முகம் வெறுமையாக இருக்கும், வாலின் அடிப்பக்கத்தில் ஒரு வெளிர் கீற்று ஓடும். அரைமணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு, "மாமா, அந்த ஏழாவது கிளுவை" என்று அவளே சொன்னாள். கிளுவைதான். அது ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கான நீலச்சிறகிகளுக்கு நடுவே தலையைச் செருகிக்கொண்டிருந்தது.

ஆண்டி வாத்தின் அலகு அகப்பை போல அகன்றது, அதைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. அவை சில சமயம் கூட்டமாக வட்டம் சுற்றிக்கொண்டே மேயும். ஒன்று கலக்கிவிட்ட தண்ணீரை அடுத்தது வடிகட்டும். அதை அவள் தன் செல்பேசியில் காணொளி எடுத்தாள். நன்றாக வரவில்லை, ஆனாலும் அழிக்கவில்லை.

பகலில் வாத்துகள் பெரும்பாலும் தூங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் மேய்ந்துவிட்டு வந்து, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு மிதக்கும். அலகும் தெரியாது, முகமும் தெரியாது. அப்போது கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். படத்துக்காகத் தண்ணீருக்குள்ளேயே நடந்துபோய்க் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களும் உண்டு. ஒருமுறை கிளப்பினால் அவை செலவழிக்கும் சக்தி, சைபீரியா வரை போக வேண்டிய பறவையின் கையிருப்பிலிருந்து எடுத்ததுதான். எழுப்பும் வேலையைச் சேற்றுப் பூனைப்பருந்து இலவசமாகச் செய்கிறது. நாணல் மேல் தாழப் பறந்து அது வரும்போது தூங்கும் வாத்துகள் எல்லாம் தலை தூக்கும், பாதி பறந்தே விடும். அந்தப் பத்து நொடி போதும். பறக்கும்போது இறக்கையைப் பாருங்கள். தோளில் பெரிய வெள்ளைத் திட்டு தெரிந்தால் நாமத்தலை ஆண். முன் இறக்கை இளநீலமாக இருந்தால் ஆண்டி வாத்தோ நீலச்சிறகியோ. உடலை ஒட்டிய பின்னிறக்கையில் சின்னதாய் ஒரு வெள்ளைச் சதுரம் என்றால் அது கருவால் வாத்து, தெற்கே அவ்வளவு எளிதாகக் கிடைக்காதது. பருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு மணி சுமாருக்குப் பருந்து வந்தது. கருவேல மரங்களின் பக்கமிருந்து எழுந்த கூட்டத்தில் வெள்ளைத் தோள்கள் மின்னின. நாமத்தலைகள், முப்பதுக்குக் கொஞ்சம் மேல். மறுபடி இறங்கியபோது கரையோரப் புல்லில் ஏறி மாடு மாதிரி மேய ஆரம்பித்தன. செம்பழுப்புத் தலையில் நெற்றியிலிருந்து உச்சி வரை வெளிர் மஞ்சள் பட்டை. அதை நாமம் என்று பெயர் வைத்தவருக்கு நல்ல கண். பெட்டைகளுக்கு நாமம் இல்லை. உருண்டைத் தலை, கறுப்பு நுனியுள்ள குட்டையான நீலச்சாம்பல் அலகு, பளிச்சென்ற வெள்ளை வயிறு, இவற்றை வைத்துத்தான் அறிய வேண்டும்.

வரித்தலை வாத்துகள் அதுவரை ஏரியில் இல்லவே இல்லை. அவள் முகம் தொங்கிவிட்டது. எனக்குக் கவலை இல்லை. அவை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் வயல்களில் மேயும், வெயில் ஏறியதும் தண்ணீருக்குத் திரும்பி ஓய்வெடுக்கும். விடியற்காலையில் ஏரியைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் வரலை" என்று முடிவு கட்டுவது அவசரம்.

அப்போதுதான் வாய்க்காலில் காளைகளைக் குளிப்பாட்டிவிட்டு ஒரு பெரியவர் கரை ஏறி வந்தார். கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசியிருந்தார், பெயின்ட் இன்னும் காயவில்லை. ட்ரைபாடைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"பெரிய குருவியத் தேடுறீங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா. வரித்தலை வாத்து. வந்திருக்குங்களா?"

"வந்துருக்கு. நேத்து ராத்திரி நம்ம கொல்லைக்குப் பக்கத்துல மேஞ்சுது. அறுத்த வயல்லயும் மேயுது, அறுக்காத வயல்லயும் மேயுது. அதுக்கு என்னா தெரியும்?" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இதுங்க இமயமலையத் தாண்டி வருதுன்னு பள்ளிக்கூடத்து வாத்தியாரு சொன்னாராம், பேரன் சொல்றான். நெசமா பாப்பா?"

அவள் பிடித்துக்கொண்டாள். மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டுநிலத்திலும் குஞ்சு பொரிப்பவை, குளிருக்கு இந்தியாவுக்கு வருபவை, கருவி பொருத்திப் பார்த்தபோது 7,000 மீட்டருக்கு மேலேயே பறந்தது பதிவாகியிருக்கிறது என்று கடகடவென்று சொன்னாள். அவற்றின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் காற்று மெலிந்த உயரத்திலும் மூச்சு முட்டாது. ஆனாலும் அவை வீம்புக்கு உயரே பறப்பதில்லை, மலை ஏறினால் ஏறும், பள்ளத்தாக்கு வந்தால் தாழ இறங்கும். குளிர்ந்த, அடர்ந்த காற்றில் பறப்பது எளிது என்பதால் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும்தான் மலையைத் தாண்டுகின்றன. பெரியவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அம்மாந்தூரம் வந்துட்டு நாலு கதிரு தின்னா தின்னுட்டுப் போவுது" என்றார். எல்லா விவசாயியும் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன், சொல்லவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் இந்த ஏரியில் பறவை தங்குவதற்குச் சட்டத்தைவிட இந்தப் பெரியவர் மாதிரியானவர்களின் பொறுமைதான் அதிகம் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். எந்தப் பக்கமிருந்து வரும், எந்தத் திட்டில் இறங்கும் என்று கையை நீட்டிக் காட்டினார். ஏரிக்குப் போனால் முதலில் ஊர்க்காரர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். செயலியில் பதிவாகியிருப்பது போன வாரத்து நிலவரம். அவருக்கு நேற்று ராத்திரி நிலவரம் தெரியும்.

எட்டேமுக்கால் சுமாருக்கு வயல் பக்கமிருந்து சத்தம் முதலில் வந்தது. மூக்கால் பேசுகிற மாதிரி, "ஆங்... ஆங்" என்று, ஒன்று விட ஒன்று பதில் கொடுத்துக்கொண்டு. அப்புறம் பனைமரங்களுக்கு மேலே ஒரு கோணல் வரிசை தெரிந்தது. அவர் காட்டிய திட்டின் மேலே ஒரு வட்டம் அடித்து, கால்களை முன்னால் நீட்டி, இறங்கின. எண்ணினோம், 41. சாம்பல் உடல், வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், ஆரஞ்சு கலந்த மஞ்சள் கால்கள். இளம் பறவைகளுக்குப் பட்டை இருக்காது, தலைக்குப் பின்னால் மொத்தமாகக் கருமை படிந்திருக்கும். அப்படி ஆறு இருந்தன. கூட்டத்தில் இளசுகளைத் தனியாக எண்ணிக் குறிப்பது நல்ல பழக்கம், அந்த வருஷம் வடக்கே குஞ்சு பொரித்தது எப்படி என்பதற்கு அது ஒரு தடயம்.

கழுத்தில் பட்டை மாட்டிய வாத்து ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மங்கோலியாவில் ஆய்வாளர்கள் எழுத்துப் பொறித்த வண்ணப் பட்டைகளைக் கழுத்தில் மாட்டி விடுகிறார்கள். மைசூர்ப் பக்கம் ஹதினாரு ஏரியில் அப்படிப்பட்டவை பார்க்கப்பட்டிருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் ஒன்றும் இல்லை. பார்த்தால் பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஸ்கோப் (ட்ரைபாடில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) வழியே செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து தெரிந்தால் போதும்.

அவள் ரொம்ப நேரம் ஸ்கோப்பை விடவில்லை. ஹிமாசலத்தில் பாங் அணை நீர்த்தேக்கத்தில் இவை ஆயிரக்கணக்கில் கூடும். நமக்குக் கூந்தன்குளத்திலும் கரைவெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம். இவற்றின் வலசை எல்லையின் தென்கோடியில் நாம் இருக்கிறோம், நம்மிடம் வந்து சேர்வது அதன் நுனி மட்டும்.

பத்து மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை, ஏனென்றால் நாமக்கோழிகளின் (நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்ப்பறவைகள்) கூட்டத்துக்குள் ஒரு வாத்து இருந்தது. ஏரியின் அந்தக் கடைசியில், ஸ்கோப்பிலும் கடுகளவு. கரும்பழுப்பு, நாமக்கோழியைவிட நீளம், குட்டைக் கழுத்து. திடீரென்று முழுகியது. எழுந்தது, மறுபடி முழுகியது.

"குடுமி வாத்து மாமா!" என்றாள். குடுமி வாத்து முழுகி மேயும் இனம், ஆணுக்கு வெள்ளை விலாவும் தொங்கும் குடுமியும், பெட்டை கரும்பழுப்பு. இவ்வளவு தெற்கே வந்தால் பேசப்படும் பறவை. எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுகுவதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சீழ்க்கைச் சிறகியும் நன்றாகவே முழுகும். அதுவும் பழுப்பு, எதிர்வெயிலில் கரும்பழுப்பு. கண்ணின் நிறம் தெரிய வேண்டும்: குடுமி வாத்துக்கு மஞ்சள் கண். இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரிய வேண்டும். ஆனால் பத்து மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து கானல் எழும்ப ஆரம்பித்துவிடும். ஸ்கோப்பில் எவ்வளவு பெருக்குகிறீர்களோ அவ்வளவு அலையடிக்கும். அந்த நேரத்தில் 60 மடங்குக்குப் போவதைவிட 20இல் வைத்துப் பொறுமையாகப் பார்ப்பது மேல்.

கரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நடந்தோம். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துப் பாதத்துக்கே வரும், ஆகவே ஷூ போட்டு வாருங்கள். அவள் செருப்பில் வந்திருந்தாள், வழியெல்லாம் நின்று நின்று முள் பிடுங்கினாள். அங்கே போய்ச் சேர்ந்தபோது நாமக்கோழிகள் இருந்தன. வாத்து இல்லை. நாணலுக்குள் போயிருக்கலாம், பறந்தும் போயிருக்கலாம். அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

எடுத்துப்போக வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஏரி பெரிதென்றால் ஸ்கோப் இல்லாமல் நடுவில் இருக்கும் கூட்டத்தைப் பிரிக்க முடியாது, ஆனால் அது விலை அதிகம். முதல் வருஷமே வாங்காதீர்கள், வைத்திருப்பவரோடு போங்கள். தண்ணீர், தொப்பி, மங்கலான நிறச் சட்டை. வெள்ளைச் சட்டை வேண்டாம். கரையில் கழிப்பறை கிடையாது. பெண்களுக்கு இது பெரிய சிரமம், யாரும் இதை எழுதுவதில்லை. வரும் வழியில் எந்த பெட்ரோல் பங்க்கில் வசதி இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டத்தை எண்ணும்போது ஒவ்வொன்றாக எண்ணாமல், முதலில் பத்தை எண்ணி அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் இன்னும் நல்லது. ஊசிவாலுக்கு நான் 380 என்றேன், அவள் 410 என்றாள். 400 என்று போட்டோம்.

டெல்டாப் பக்கம் சாலையோரத்தில் சிறகியையும் மடையானையும் கறிக்கு விற்பதை இன்னும் பார்க்கிறோம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். நீங்களே தகராறுக்குப் போகாமல் இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இதை நினைத்துத்தான், வயலில் இரவு மேயும் கூட்டம் எந்தக் கொல்லையில் இறங்குகிறது என்பதை நான் பொதுவில் எழுதுவதில்லை. பெரியவர் காட்டிய திசையை இங்கே சொல்லாமல் விட்டதும் அதனால்தான்.

திரும்பும் வழியில் அவள் பட்டியலை உள்ளிட்டாள். குடுமி வாத்து என்று போட வேண்டும் என்று ஒரு மைல் தூரம் வாதாடினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கெடுப்பில் நூறு பேர் ஆசைப்பட்டதை எழுதினால் அந்தக் கணக்கை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. இனம் தெரியாத வாத்து என்று பதிவிடவே ஈபேர்டில் இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசியில் அப்படித்தான் போட்டாள்: இனம் தெரியாத வாத்து, 1. கீழே குறிப்பில் எழுதியதையும் படித்துக் காட்டினாள்: "காலை 10.10. நாமக்கோழிகளுடன். அவற்றைவிட நீளமான உடல், கரும்பழுப்பு, குட்டைக் கழுத்து. நான்கு முறை முழுகியது. எதிர்வெயில், கானல். கண்ணும் இறக்கையும் தெரியவில்லை. விலாவில் வெள்ளை இல்லை." அந்த வாரத்தில் அங்கே போகும் அடுத்த ஆளுக்கு இந்த நாலு வரி போதும்.